உம் கொட்டியவர்

வரலாற்றுத் துறைக் கட்டடத்தின் மாடிப்படிக்குக் கீழே, பாதி தரைக்குள் இறங்கிய அறை ஒன்று இருக்கிறது. ஒரே ஒரு ஜன்னல். அதுவும் கூரையை ஒட்டி. அதன் வழியாகப் பார்த்தால் வெளிப்படியிலும் பாதையிலும் போகிறவர்களின் கால்கள் மட்டும் தெரியும். அந்த அறையில் காதில் ஹெட்போன் மாட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பவளுக்குத் துறையில் கேசட் அக்கா என்று பெயர். கேசட்டுகள் ஒழிந்து எத்தனையோ காலம் ஆகிவிட்டது. இப்போது எல்லாம் கம்ப்யூட்டரில்தான் வருகிறது. ஆனால் ஒட்டிக்கொண்ட பெயர் அவ்வளவு சீக்கிரம் போகுமா? அவளைவிட மூத்த பேராசிரியர்கள்கூட அக்கா என்றுதான் கூப்பிடுகிறார்கள்.

சரித்திரம் எழுதுகிறவர்கள் என்றால் இடிந்த கோட்டையைச் சுற்றித் திரிகிறவர்கள், ஒரு கல்லைப் பார்த்துவிட்டால் கண்ணாடியைக் கழற்றித் துடைக்கிறவர்கள் என்று ஊர் நினைக்கிறது. பாதிப் பேர் அப்படித்தான். மீதிப் பேரின் பிழைப்பு வேறு. வயதானவர்களின் வீட்டுக்குப் போய், ரெக்கார்டரை நடுவில் வைத்துவிட்டு, அவர்களைப் பேச விடுவது. ஆலை மூடிய அன்று வாசலில் என்ன நடந்தது, வெள்ளம் வந்தபோது யார் எந்த மாடியில் இருந்தார்கள் என்பதெல்லாம் காகிதத்தில் கிடைக்காது. காகிதம் எழுதினவன் மேஜைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருந்தவன். இந்தப் பக்கம் நின்றவனுக்கு வாய் மட்டும்தான் உண்டு. அந்த வாய்ப்பேச்சைப் பிடித்துக்கொண்டு வந்தால், அதை எழுத்தாக்கிக் கொடுப்பது கேசட் அக்காவின் வேலை.

அவள் மேஜைக்கு அடியில் ஒரு கால்மிதி இருக்கிறது. மிதித்தால் குரல் ஓடும். காலை எடுத்தால் நிற்கும். நிற்கும்போது தானாகவே கொஞ்சம் பின்னால் போய் நிற்கும், விட்ட வார்த்தையைத் திரும்பக் கேட்பதற்கு வசதியாக. இத்தனை வருடப் பழக்கத்தில் அவள் வலது கால் அவள் பேச்சைக் கேட்பதில்லை. கடையில் யாராவது வேகமாகப் பேசினால் அது தானாகத் தூக்கிக்கொள்ளும். ஆள் நிற்காமல் பேசிக்கொண்டே போவார்.

தட்டச்சு செய்வதற்கு விதிகள் உண்டு. அவள் தலைக்கு மேல் சுவரில் ஒட்டியிருக்கின்றன. இருமல், தும்மல், நாற்காலிச் சத்தம் வேண்டாம். மௌனம் வேண்டாம். பேசுகிறவர் தடுமாறி, பிறகு திருத்திச் சொன்னால், திருத்திச் சொன்னதை மட்டும் எழுத வேண்டும். கேள்வி கேட்பவர் நடுநடுவே கொட்டும் ‘உம்’ கட்டாயம் வேண்டாம். கேட்கப் போனவன் பெரிய ஆள் இல்லை, பேசினவர்தான் பெரிய ஆள், ஆகவே கேட்டவன் தன்னை மறைத்துக்கொள்ள வேண்டும் என்பது இந்த விதிகளை எழுதியவரின் கட்சி. எழுதியவர் வேறு யாருமில்லை. அவள் புருஷன்தான்.

அவர் அந்தத் துறையில் விரிவுரையாளராகச் சேர்ந்து, பேராசிரியராகி, ஓய்வு பெற இன்னும் கொஞ்ச காலம் இருக்கையில் இறந்துபோனார். பேட்டி எடுப்பதில் அவரை மிஞ்ச ஆள் கிடையாது என்பார்கள். அவர் கேள்வியே கேட்க மாட்டார். தலையைக் கொஞ்சம் சாய்த்து, எதிரில் இருப்பவரின் முகத்தையே பார்த்துக்கொண்டு, ‘ம்’ என்பார். அவ்வளவுதான். அவர் உம் கொட்டினால் சுவர்கூடத் தன் கதையைச் சொல்லிவிடும் என்று துறையில் கேலி செய்வார்கள். அவருக்கும் அந்தக் கேலி பிடிக்கும். பிடிக்கும் என்று வாயைத் திறந்து சொன்னதில்லை. அதற்கும் ஒரு ‘ம்’ போட்டிருக்கிறார்.

அவர் இறந்தது ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம், சாய்வு நாற்காலியில், மடியில் பேப்பரோடு. அவள் சமையலறையில் பாத்திரம் கழுவியபடி அவரிடம் பேசிக்கொண்டிருந்தாள். குழாய் ஒழுகிக்கொண்டே இருக்கிறது, புதுசு மாற்றிவிடலாம் என்றாள். பதில் இல்லை. அவருக்கு இஷ்டமில்லை போலிருக்கிறது என்று நினைத்து, இல்லாவிட்டால் வாஷரை மட்டும் மாற்றிப் பார்க்கலாம் என்றாள். அதற்கும் பதில் இல்லை. சரி, இருக்கட்டும், இதுவே போதும் என்றாள். அதற்குக்கூட ‘ம்’ வராதபோதுதான் கையைத் துடைத்துக்கொண்டு வந்து பார்த்தாள்.

அதற்குப் பிறகு செய்ய வேண்டியதையெல்லாம் அவள் செய்தாள். டாக்டரைக் கூப்பிட்டாள், சொல்ல வேண்டியவர்களுக்குச் சொன்னாள், வந்தவர்களுக்கு டீ கொடுத்தாள். அழுகை மட்டும் வரவில்லை. துக்கம் விசாரிக்க வந்தவர்களுக்கே அது ஏமாற்றமாகப் போய்விட்டது. கட்டிக்கொண்டு அழலாம் என்று தயாராக வந்தவர்கள், டீக்குச் சர்க்கரை எவ்வளவு என்று கேட்கிறவளை என்ன செய்வது என்று தெரியாமல் திரும்பினார்கள். கல்நெஞ்சுக்காரி என்று ஒருத்தி படியிறங்கும்போது சொன்னது அவள் காதில் விழுந்தது. சும்மாவா, காதை வைத்துப் பிழைக்கிறவள். ஆனால் அந்த வார்த்தையும் எங்கேயும் தைக்கவில்லை.

அவளுடைய அக்காதான் விடாமல் போன் செய்தாள். அக்கா வேறு ஊரில் இருக்கிறாள். தங்கைமேல் உயிர். ஆனால் யாரையும் ஒரு வாக்கியம் முடிக்க விட்டதில்லை; எதிராளி மூச்சு எடுக்கும் இடத்தில் புகுந்துவிடுவாள். அழுதுவிடு, உள்ளேயே வைத்திருந்தால் உடம்புக்கு ஆகாது என்பாள். சாப்பிட்டாயா என்று கேட்டு, பதிலுக்கு நிற்காமல், என்ன சாப்பிட்டிருக்கப் போகிறாய் என்று தானே முடித்துவிடுவாள். ஒருநாள் மட்டும் குரல் கம்மச் சொன்னாள்.

“பிள்ளைதான் வேண்டாம்னுட்டே. அவர் எழுதின புத்தகமாவது வெளிய வரட்டும்டி. அவர் பேர் சொல்ல ஏதாவது ஒண்ணு வேணாமா?”

“வரும்” என்றாள் இவள். ரேஷன் வருமா என்று கேட்டவர்களுக்குச் சொல்வதுபோல இருந்தது அது.

அந்தப் புத்தகத்தின் விஷயம் இதுதான். ஊருக்கு வெளியே ஒரு மெழுகுவர்த்தித் தொழிற்சாலை இருந்தது. அவர் பையனாக இருந்த காலத்தில் அது தீப்பிடித்து எரிந்தது. பேக்கிங் பகுதியில் வேலை செய்த பெண்கள் பலர் பின்கதவுப் பக்கம் ஓடி, வெளியே வர முடியாமல் செத்துப்போனார்கள். விசாரித்த அதிகாரிகள், பெண்களே கதவை மறைத்துப் பெட்டிகளை அடுக்கியிருந்தார்கள், தப்பு அவர்களுடையது என்று எழுதி மூடிவிட்டார்கள். செத்துப்போனவர்களின் வீட்டில் யாரும் அதை ஒப்புக்கொள்ளவில்லை. முதலாளி கதவைப் பூட்டி வைத்திருந்தான் என்பது அவர்களுடைய பேச்சு. பேச்சுதான்; ஆதாரம் இல்லை.

அவர் அதைத் தேடினார். எரிந்த பிறகு எடுத்த போட்டோக்களைப் பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தார். கதவே விழுந்து கிடந்ததால் ஒன்றும் தெரியவில்லை. கட்டட வரைபடத்தைக் கண்டுபிடித்தார். அதில் கதவு இருந்தது, பூட்டு இல்லை. வரைபடத்தில் யார் பூட்டு வரைவார்கள்? காவல்காரன் ஒருவன் கிடைத்தான். அவன் காலையில் ஒன்று சொன்னான், சாயங்காலம் ஒன்று சொன்னான். ஒருவர் சொன்னதை இன்னொரு இடத்தில் வைத்து உரசிப் பார்க்காமல் எழுதக்கூடாது என்று வகுப்பில் தொண்டை வறளச் சொல்கிறவர் அவர். உரசிப் பார்க்கக் கல்லே கிடைக்காமல் வருடக்கணக்கில் அலைந்தார். கடைசியில் அந்தப் பேக்கிங் பகுதியிலிருந்து உயிரோடு வந்த ஓர் அம்மாவைப் பிடித்தார். அந்த அம்மா, பூட்டைத் தன் கையால் பிடித்து இழுத்ததாகச் சொன்னார். அன்று சாயங்காலம் வீட்டுக்கு வந்தவர், செருப்பைக்கூடக் கழற்றாமல் உட்கார்ந்து மூன்றாம் அத்தியாயத்தை எழுத ஆரம்பித்தார். அதன் பிறகு அந்த அம்மா இறந்துபோனார். கொஞ்ச நாளில் அவரும்.

புத்தகத்தை முடித்து அச்சுக்குக் கொடுக்கும் பொறுப்பு அவருடைய மாணவனாக இருந்து அதே துறையில் ஆசிரியரான இளையவரிடம் வந்தது. அவர் இவளை அண்ணி என்று கூப்பிடுவார். நல்ல மனிதர். மாடிப்படியில் இறங்கும்போதே அவருடைய பழுப்பு ஷூவை ஜன்னலில் பார்த்து, வருகிறார் என்று இவளுக்குத் தெரிந்துவிடும். எல்லாம் தயார், அந்த அம்மாவின் பேட்டியை மட்டும் தட்டச்சு செய்து பின்னிணைப்பாகச் சேர்க்க வேண்டும், வேறு யாரிடமாவது கொடுக்கட்டுமா என்று தயங்கித் தயங்கிக் கேட்டார். எதற்கு வேறு யாரிடமாவது என்று இவள் வாங்கிக்கொண்டாள்.

முதல் நாள் அவர் வாசலிலேயே நின்றார். கையில் ஒரு தம்ளர் தண்ணீர் வேறு. இவள் ஹெட்போனை மாட்டிக்கொண்டு கால்மிதியை அழுத்தினாள். புருஷன் குரல் வந்தது. தேதி சொன்னார், பேட்டி கொடுப்பவர் யார் என்று சொன்னார், நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டார். இவள் காத்திருந்தாள். ஒன்றும் நடக்கவில்லை. அது ஒரு குரல், அவருடைய குரல், அவ்வளவுதான். தண்ணீரை இளையவரே குடித்துவிட்டுப் போனார்.

அந்த அம்மா நன்றாகப் பேசினார். மெழுகு உருகும் வாசனை வீட்டுக்கு வந்து குளித்தாலும் போகாது என்றார். பேக்கிங் செய்யும்போது பேசக்கூடாது என்று மேஸ்திரி சொல்வான், அதனால் திரியை அசைத்தே பேசிக்கொள்வோம் என்று சிரித்தார். அவர் பேசப் பேச இவள் விரல்கள் ஓடின. நடுவில் முதல் ‘ம்’ வந்தது. விதிப்படி அதை விட்டுவிட வேண்டும். இத்தனை வருடத்தில் அப்படி எத்தனை ‘ம்’களை விட்டிருப்பாள். இந்தத் தடவை விரல் அடித்துவிட்டது.

அடித்ததை அழிக்கப் போனவள் நின்றாள். அந்த ஒலிப்பதிவில் ஆரம்பத்தில் சொன்ன தேதியையும் பெயரையும், முடிவில் சொன்ன நன்றியையும் விட்டால், அவர் பேசியது முழுவதும் ‘ம்’தான். அதை எழுதாவிட்டால் அவர் அந்த அறையில் இருந்ததாகவே ஆகாது. எழுத்தாகிவிட்ட பேட்டியை மறுபடி யாரும் காதால் கேட்பதில்லை. படிக்கக் கிடைக்கும்போது யார் மெனக்கெடுவார்கள்? சரி, ஒருமுறை எல்லாவற்றையும் எழுதுவோம், மௌனத்தையும் சேர்த்து எழுதுவோம், அதை நான் வைத்துக்கொள்கிறேன், பிறகு அழித்துவிட்டுச் சுத்தமான பிரதியைக் கொடுத்துவிடலாம் என்று முடிவு செய்தாள். துக்கத்தில் செய்த காரியம் என்று யாரும் நினைக்க வேண்டாம். சாமான் கணக்கில் ஒன்று விடுபடக்கூடாது என்று பார்க்கும் கடைக்காரப் புத்திதான் அப்போது இருந்தது.

எழுதி முடித்து, அச்செடுத்து, மதியம் ரொட்டியைக் கடித்துக்கொண்டே சரிபார்த்தாள். தீப்பிடித்த நாளுக்கு வந்தாள். அங்கே இப்படி இருந்தது:

பின்கதவு பத்தித் தெரியாது சார். புகைல எனக்குக் கதவே தெரியல.
(மௌனம்)
பெட்டி அடுக்கி வெச்சிருந்தாங்களோ என்னமோ.
(மௌனம்)
இல்ல, பூட்டியிருப்பாங்களோ?
ம்.
பூட்டுவாங்க சார். நாங்க வெளிய போயிடுவோம்னு பூட்டுவாங்க.
ம், ம்.
அன்னிக்கும் பூட்டுதான். நான் பூட்டைப் பிடிச்சு இழுத்தேன். சூடா இருந்துச்சு.
ம்.

காதால் கேட்டபோது அவளுக்கு ஒன்றும் தோன்றவில்லை. கண்ணால் பார்த்தபோது ரொட்டியைக் கீழே வைத்தாள். விதிப்படி எழுதியிருந்தால் முதல் மூன்று வரிகள் தடுமாற்றம் என்று போயிருக்கும், மௌனம் போயிருக்கும், ‘ம்’ போயிருக்கும். பூட்டுவாங்க, அன்னிக்கும் பூட்டுதான், பிடிச்சு இழுத்தேன் என்று சாட்சி கல்லில் வெட்டினமாதிரி நின்றிருக்கும். கதவே தெரியாத புகையில் பூட்டு எப்படிக் கைக்குக் கிடைத்தது என்று கேட்க யாருக்கும் வழி இருந்திருக்காது.

அந்த அம்மா பொய் சொன்னார் என்று சொல்ல முடியாது. இத்தனை காலம் யாரும் அவரைத் தேடி வந்ததில்லை. முதல் முறையாக ஒரு படித்த மனிதர் வந்து, எதிரில் உட்கார்ந்து, அவர் வாயையே பார்க்கிறார். தெரியாது என்றால் அந்த முகம் அப்படியே இருக்கிறது. பெட்டி என்றால் அப்படியே இருக்கிறது. பூட்டு என்றதும் மலர்ந்து ‘ம்’ என்கிறது. வந்தவரை வெறும் கையோடு அனுப்ப யாருக்கு மனசு வரும்? கேட்டவரும் சூது பண்ணவில்லை. தான் உம் கொட்டினோம் என்றே அவருக்குத் தெரிந்திருக்காது. தெரியாமல்தான், தன்னை மறைத்துக்கொள்ளும் அடக்கத்தில், தன் விரல் பட்ட இடத்தையும் சேர்த்து மறைக்கிற விதியை எழுதி வைத்துவிட்டார்.

இதுவரை இது துறைச் சமாச்சாரம். அவள் அடுத்த பக்கத்தைத் திருப்பியிருக்க வேண்டும். திருப்பவில்லை. மேஜைக்கு அடியில் வலது கால் தானாகத் தூக்கிக்கொண்டு நின்றது, எதையோ பின்னால் ஓடவிட்டுக் கேட்க வேண்டும் என்பதுபோல.

கல்யாணமாகிப் பல வருடம் குழந்தை இல்லாமல், ஒரு காப்பகத்துக்குப் போய்ப் பார்த்துவிட்டு வந்தார்கள். அங்கே ஒரு பெண் குழந்தை, ஒரு காலில் மட்டும் சாக்ஸ் போட்டுக்கொண்டு, இன்னொரு சாக்ஸை இவள் கையில் கொண்டுவந்து கொடுத்தது. இவள் அதைப் போட்டுவிட்டாள். திரும்பி வரும் பஸ்ஸில் அவர் ஜன்னல் பக்கம் உட்கார்ந்திருந்தார். ‘எடுத்துக்கலாங்க’ என்று இவள் சொன்னாள். அவர் ஒன்றும் சொல்லவில்லை. ‘உங்களுக்கும் வேலை அதிகம், எனக்கும் ஆபீஸ்’ என்றாள். அதற்கும் ஒன்றும் சொல்லவில்லை. இரண்டு நிறுத்தம் தாண்டியிருக்கும். ‘இந்த வயசுக்கு மேல நமக்கு எதுக்கு’ என்றாள்.

‘ம்’ என்றார்.

அன்றைக்கே அக்காவுக்குப் போன் போட்டு, எனக்குத்தான் இஷ்டமில்லை, வேண்டாம் என்று சொல்லிவிட்டேன் என்றாள். அக்கா ஊருக்கெல்லாம் சொன்னாள். கேட்டவர்களுக்கெல்லாம் இவளும் அதையே சொன்னாள். சொல்லிச் சொல்லி, அதுவே நடந்தது என்றாகிவிட்டது. அவர்மேல் ஒரு பழியும் இல்லை. அவர் ஒருநாளும் வேண்டாம் என்று சொன்னவர் இல்லையே! வேண்டாம் என்றவள் இவள்தான். அந்த முதல் வாக்கியம் எங்கேயும் எழுதப்படவில்லை.

அவளுக்குக் கோபம் வந்தது. அவர் இறந்த பிறகு அவளுக்குள் வந்த முதல் உணர்ச்சி அதுதான். செத்துப்போன மனிதர்மேல், எழுந்து வந்து ஒரு பதில் சொல்ல முடியாதவர்மேல் இவ்வளவு கோபம் வருமா என்று அவளுக்கே ஆச்சரியமாக இருந்தது. ரொட்டியைப் பொட்டலமாகச் சுற்றி வைத்தாள். அன்று சாயங்காலம் போகிற வழியில் பிளம்பரைக் கூட்டிக்கொண்டு போய், சமையலறைக் குழாயைக் கழற்றி எறியச் சொல்லி, புதுசு போட்டாள்.

மறுநாள் காலையில் ஜன்னலில் பழுப்பு ஷூ இறங்கியது. அவள் சுத்தமான பிரதி எதுவும் தயாரிக்கவில்லை. முழுசாக இருந்ததையே இளையவர் கையில் கொடுத்து, தீப்பிடித்த நாள் உள்ள பக்கத்தை எடுத்துக் காட்டினாள்.

அவர் நின்றுகொண்டே படித்தார். பிறகு உட்கார்ந்து படித்தார். விவரம் தெரிந்தவர், விளக்க வேண்டியிருக்கவில்லை. கண்ணாடியைக் கழற்றி மூக்கின் மேட்டைத் தேய்த்துக்கொண்டு, மூன்றாம் அத்தியாயம் மொத்தமும் இந்தப் பூட்டின்மேல்தான் நிற்கிறது என்றார். இதை இப்படியே போட்டால் சாரையே பிடித்துக் கிழித்துவிடுவார்கள், சாட்சிக்குச் சொல்லிக்கொடுத்தார் என்பார்கள் என்றார். செத்துப்போன பெண்களின் குடும்பங்கள் இந்தப் புத்தகத்துக்காகக் காத்துக்கொண்டிருப்பதைச் சொன்னார். சுவரில் ஒட்டியிருந்த விதிகளைப் பார்த்தார். விதிப்படி செய்தால் யாரும் ஒன்றும் கேட்கப் போவதில்லை, விதியும் சாருடையதுதான் என்றார். அவர் சொன்னதில் ஒன்றுகூடத் தப்பில்லை. அதுதான் கஷ்டம்.

“இது சாரோட கடைசி புத்தகம் அண்ணி” என்றார். “உங்களையும் என்னையும் தவிர யாருக்கும் தெரியாது. இந்த ‘ம்’மெல்லாம் எடுத்துட்டா…”

முடிக்காமல் நிறுத்தினார். தலையைக் கொஞ்சம் சாய்த்து அவள் முகத்தையே பார்த்தார்.

அவளுக்கு அது யாருடைய தலைச்சாய்ப்பு என்று உடனே தெரிந்தது. குருவிடமிருந்து கற்றுக்கொண்டது. இளையவருக்கு அது தெரியாது. சுவருக்குள் ஒரு பைப்பில் தண்ணீர் ஓடி நின்றது. ‘சரி, எடுத்துடறேன்’ என்ற வார்த்தை அவள் தொண்டைவரை வந்துவிட்டது. அவள் கூப்பிட்டு வரவில்லை, தானாக வந்தது. எத்தனை வருடமாக அது இப்படித் தானாக வந்திருக்கிறது! குழாய்க்கும் வந்தது, குழந்தைக்கும் வந்தது. அந்த அம்மாவுக்கும் இப்படித்தான் வந்திருக்கும். புகையிலிருந்து ஒரு பூட்டு கைக்கு வந்தமாதிரி.

அவள் வாயைத் திறக்கவில்லை. ஜன்னலில் யாரோ வேகமாகப் போனார்கள், பிறகு இரண்டு பேர் மெதுவாகப் போனார்கள். இளையவர் நாற்காலியில் அசைந்தார். கண்ணாடியை மாட்டிக்கொண்டார், மறுபடி கழற்றினார்.

“அந்த அம்மா முதல்ல தெரியாதுன்னுதானே சொல்லியிருக்காங்க” என்றார் கடைசியில், தனக்கே சொல்லிக்கொள்வதுபோல.

“ஆமா” என்றாள் அவள். “அவங்க சொன்னது அதுதான். அதை நான் எடுக்க மாட்டேன்.”

அவர் காகிதங்களை அடுக்கிக் கையில் எடுத்துக்கொண்டார். கதவு பூட்டியிருந்ததா என்று தெரியவில்லை, தெரிந்துகொள்ள வழியும் இல்லாமல் பண்ணிவிட்டார்கள் என்றுதான் எழுத வேண்டும், சார் எப்படி ஏமாந்தார் என்பதையும் சேர்த்தே எழுத வேண்டும் என்றார். குடும்பங்களிடம் போய் இதை யார் சொல்வது என்று கேட்டார். நானும் வருகிறேன் என்றாள். அவர் எழுந்து போனார். படியேறும்போது அந்தப் பழுப்பு ஷூக்கள் ஒரு கிழவருடையவைபோல மெதுவாகப் போயின. அவருக்கும் அது குருவின் சாவுதான், இரண்டாவது தடவை.

மதியம் அவளே அக்காவுக்குப் போன் செய்தாள். அவளாகச் செய்வது அபூர்வம் என்பதால் அக்கா பயந்துவிட்டாள். உடம்புக்கு என்ன, நான் கிளம்பி வரட்டுமா, அப்போதே சொன்னேன் தனியாக இருக்காதே என்று, புத்தகம் என்ன ஆயிற்று என்று அடுக்கினாள். இவள் மூச்சு விடும் இடம் வரும்வரை இருந்தாள். அது வந்தது.

“அந்தக் குழந்தையைப் பாத்துட்டு வந்தோமே, அன்னிக்கு நான் வேணாம்னு சொல்லலக்கா.”

“நீதானேடி போன்ல…”

“முதல்ல வேணும்னு சொன்னேன். பஸ்ல. எடுத்துக்கலாம்னு சொன்னேன்.”

அந்தப் பக்கம் சத்தமில்லை. பிறந்ததிலிருந்து அக்காவிடம் அவள் கேட்டிராத மௌனம் அது. அந்த இடைவெளியில், அதனால் என்ன, எல்லாம் முடிந்துபோன கதை, விடு என்று சொல்லி மூடிவிட அவள் நாக்கு துடித்தது. மூடவில்லை. வலது கால் தரையை அழுத்திக்கொண்டிருந்தது.

“ஒரு கால்ல மட்டும் சாக்ஸ் போட்டிருந்தா” என்றாள். அந்த இடத்தில் குரல் உடைந்தது. அவருக்காக வராத அழுகை, அவருக்கும் சேர்த்து, இத்தனை நாள் எங்கே இருந்ததோ, அப்படியே வந்தது. கூரை ஜன்னலில் போகிறவர்கள் யாரும் குனிந்து பார்க்கவில்லை.

யாரையும் ஒரு வாக்கியம் முடிக்க விடாத அக்கா, அவள் அழுது மூச்சு வாங்கும்வரை குறுக்கே ஒரு வார்த்தை பேசவில்லை.

“ம்” என்றாள் பிறகு. “சொல்லு.”